அம்மாயி கொடுத்த பதினோரு பாசி

நகைக்கடைக்காரர் அதைப் பார்த்தது பத்து வினாடி இருக்கும். உள்ளங்கையில் உருட்டினார், நகத்தால் ஒரு தட்டு தட்டினார், கண்ணாடித் தட்டில் திருப்பி வைத்துவிட்டார். "கண்ணாடி. இந்த வெள்ளைக் கோடு பெயிண்ட். கோர்க்கிற கூலிகூட இதுக்குத் தகாது" என்றார் இந்தியில். பதினோரு பாசிமணியையும் எண்ணிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு மும்பையின் செம்பூர் சாலையில் நடந்தேன். எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தச் சுருக்குப் பை எங்கள் அம்மாயியுடையது, அம்மாவைப் பெற்ற பாட்டி.

அம்மாயிக்கு ஊர் சென்னிமலைக்குப் பக்கம், நொய்யல் கரையோரம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஊரை அகழ்ந்தெடுத்த கொடுமணல் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காட்டுக்குப் போனால், மேல்மண் கரைந்த இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு தெரியுமாம். குனிந்து எடுத்தால் பாசி. சின்ன வயதில் பொறுக்கியதை எல்லாம் சேர்த்து வைத்து, என் கல்யாணத்துக்கு முந்தின நாள் கையில் கொடுத்தார். "பவளம்னு சொல்லுவாங்க கண்ணு, ஆனா பவளமில்ல. பவளம் நாள்பட்டா வெளுக்கும், இது வெளுக்காது. பத்திரமா வெச்சுக்க சாமி" என்றார். அதில் ஒரு பாசி பாதியாக உடைந்தது. அதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை. உடைந்ததையும் சேர்த்துத்தான் கொடுத்தார். ஆக முழுசாகப் பதினொன்று, அரை ஒன்று.

எனக்கு வேலை கால்பாதேவியில். ஈரோடு, சென்னிமலைப் பக்கமிருந்து வரும் பெட்ஷீட், துண்டு வகைகளை மொத்தமாக வாங்கி விற்கும் ஓர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். காலையில் செம்பூரில் ஹார்பர் லைன் பிடித்து மஸ்ஜித்தில் இறங்கி, முகமது அலி ரோட்டைக் கடந்து போவேன். அந்த வழியில் அத்தரும் தொப்பியும் விற்கும் கடைகளுக்கு நடுவே, மோதிரக் கற்களைத் தட்டில் பரப்பி வைத்திருக்கும் ஒரு பெரியவர் உண்டு. பதினாறு வருடமாக அவரைக் கடந்து போயிருக்கிறேன், ஒரு நாளும் நின்றதில்லை. அந்த வாரம் நின்றேன்.

சாச்சா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பையை அவிழ்த்துக் காட்டினதும் அவர் பாசியைக் கையில் எடுக்கவே இல்லை. முதலில் டார்ச்சை எடுத்தார். "பேட்டி (மகளே), கல்லை மேலிருந்து பார்க்கக் கூடாது. கீழேயிருந்து வெளிச்சம் விட்டு, உள்ளே பார்க்கணும்" என்றார். ஒரு பாசியை டார்ச்சின் வாயில் வைத்தார். அது அணையப்போகிற கரித்துண்டுபோல உள்ளுக்குள் கனிந்தது. சிவப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் தேன் நிறம், நடுவே மேகம் கலைந்ததுபோல ஒரு மங்கல். "அகீக்" என்றார். "நல்ல அகீக்."

அகீக், ஹகீக் என்று இங்கே சொல்வதைத்தான் தமிழில் தொல்லியல்காரர்கள் சூதுபவளம் என்று எழுதுகிறார்கள். ஆங்கிலப் பெயர் கார்னீலியன். பெயரில் பவளம் இருந்தாலும் அதற்கும் பவளத்துக்கும் எந்த உறவும் கிடையாது. பவளம் கடலுக்குள் உயிரினம் கட்டிய கூடு, சுண்ணாம்பு வகை. எலுமிச்சைச் சாறு பட்டால் அதன் மெருகு போய்விடும். சூதுபவளம் மண்ணில் விளைந்த சிலிக்கா. நம் ஊரில் வெங்கச்சங்கல் என்று உதைத்து விளையாடுவோமே, அதற்கும் ஸ்படிகத்துக்கும் இதற்கும் மூலப்பொருள் ஒன்றுதான். ஸ்படிகத்தில் அந்தச் சிலிக்கா பெரிய படிகமாக வளர்ந்திருக்கும். சூதுபவளத்தில் கண்ணுக்கே தெரியாத நார்நாரான படிகங்களாகப் பின்னிக் கிடக்கும். இப்படிப் பின்னியதற்குக் கால்சிடனி என்று பெயர்.

இந்த இடத்தில் எனக்கே முதலில் குழப்பம் இருந்தது. அகேட், ஓனிக்ஸ், கார்னீலியன் எல்லாம் வேறு வேறு கல் என்று நினைத்திருந்தேன். எல்லாம் கால்சிடனிதான். வளையம் வளையமாகப் பட்டை இருந்தால் அகேட். பட்டை நேர்கோடாக அடுக்கடுக்காக இருந்தால் ஓனிக்ஸ். இரும்புச் சத்தால் சிவந்து, பட்டையில்லாமல் ஒளி விட்டால் கார்னீலியன். அதுவே பழுப்பு ஏறி இருண்டால் சார்ட். உள்ளே குளத்துப் பாசி படர்ந்ததுபோலப் பச்சை இழைகள் ஓடினால் பாசி அகேட். நிக்கல் கலந்து ஆப்பிள் பச்சையானால் கிரிசோபிரேஸ். ஒளியே புகாத அளவுக்கு மாசு கலந்துவிட்டால் ஜாஸ்பர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், நிறம்தான் வேறு. பாட்டி காலத்தில் தீ மூட்டிய சிக்கிமுக்கிக் கல்லும் இவற்றுக்குப் பங்காளி முறைதான்.

சரி, நகைக்கடைக்காரர் கண்ணாடி என்று சொன்னாரே, அதை எப்படித் தீர்ப்பது? டார்ச் வெளிச்சம் எனக்கு நம்பிக்கை தந்தது, ஆனால் கணக்கு எழுதுகிறவளுக்கு எண் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு நடைபாதைக் கடையில் 150 ரூபாய்க்கு "அசல் ஹகீக்" என்று ஒரு சரம் வாங்கினேன். இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, ஏழாவது படிக்கும் மகனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

முதலில் டார்ச். கடைச் சரத்தின் நிறம் சர்பத்துபோல ஒரே சீராக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே உருண்டையாகக் குமிழி. கால்சிடனிக்குள் அப்படி உருண்டைக் காற்றுக்குமிழி இருக்காது. உருகி ஆறிய கண்ணாடியில்தான் இருக்கும். அப்புறம் கன்னத்தில் வைத்துப் பார்த்தோம். கல் சில்லென்று இருந்து மெதுவாகத்தான் சூடேறும், கண்ணாடி அதைவிடச் சீக்கிரம் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள், ஏசி அறையில் எல்லாமே சில்லென்றுதான் இருக்கும்.

கடினம் பார்ப்பது அதைவிட உறுதியானது. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் கால்சிடனி 6.5 முதல் 7 வரை. கண்ணாடி 5.5 சுற்றி. சமையலறைக் கத்தியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், கால்சிடனியில் கோடு போட அதனால் முடியாது. போன மழைக்காலம் முடிந்ததும் மும்பைக்கு வெளியே கர்ஜத் போயிருந்தபோது ஆற்றுப் படுகையில் மகன் பொறுக்கிய சாம்பல் நிறக் கால்சிடனிகள் சில இருந்தன. அதில் ஒன்றின் கூரான முனையால் கடைச் சரத்தில் இழுத்தோம், பளிச்சென்று கீறல் விழுந்தது. அம்மாயியின் பாசியில் இழுக்கவில்லை. இரண்டாயிரம் வருடத்துப் பொருளாக இருக்கக்கூடிய ஒன்றைக் கீறிப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. உங்களிடம் பழைய பாசி இருந்தால் நீங்களும் செய்யாதீர்கள், அமிலம் ஊற்றாதீர்கள், ஊசியைக் காய்ச்சிக் குத்தாதீர்கள்.

அப்போதுதான் அந்த அரைப் பாசி நினைவுக்கு வந்தது. கடைச் சரத்தில் ஒன்றைச் சுத்தியலால் உடைத்து, உடைந்த முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கண்ணாடி உடைந்த இடம் பளபளவென்று, சிப்பியின் உட்புறம்போல வளைந்து மின்னியது. அம்மாயியின் பாசி உடைந்த இடம் மங்கல், மெழுகுவர்த்தியை ஒடித்ததுபோல. அந்த மெழுகுப் பதம்தான் கால்சிடனியின் கையெழுத்து. மெருகு போட்ட மேற்பரப்பு ஏமாற்றலாம், உடைந்த முகம் ஏமாற்றாது. அம்மாயி அந்த அரைத் துண்டை எதற்கு வைத்திருந்தாரோ, எனக்கு அதுதான் முதல் சாட்சி ஆனது.

எண்ணும் கிடைத்தது. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் பதினோரு பாசியின் எடை 14.1 கிராம். பிறகு தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பாசிகளை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டால், தராசு காட்டுவதுதான் அது விலக்கிய தண்ணீரின் எடை. முதல் தடவை கணக்குத் தப்பாக வந்தது. துளைக்குள் காற்று அடைத்திருந்ததுதான் காரணம். நனைத்துத் தட்டி, ஒரு சொட்டு பாத்திர சோப்பும் விட்டு மறுபடி செய்தோம். 5.4. வகுத்தால் 2.61, அதாவது அதே அளவு தண்ணீரைப்போல 2.61 மடங்கு கனம், இதற்குத்தான் ஒப்படர்த்தி என்று பெயர். கால்சிடனியின் ஒப்படர்த்தி 2.6 சுற்றி இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி 2.5 பக்கம் வரும், வித்தியாசம் குறைவு, அதனால் இதைத் தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பவளமும் கிட்டத்தட்ட இதே எடைதான். ஆனால் கோமேதகம் என்று சொல்லி யாராவது சூதுபவளத்தை விற்றால் இந்தத் தராசு உடனே காட்டிக்கொடுத்துவிடும். கோமேதகத்துக்கு 3.6 வரும்.

இனி அந்த வெள்ளைக் கோடு. பீப்பாய் வடிவப் பாசி ஒன்றில் மட்டும் சுற்றிலும் இரண்டு வளையம், நடுவே வளைந்து வளைந்து ஓடும் ஒரு கோடு. அம்மாயி அதைச் "சுண்ணாம்புப் பாசி" என்பார். பெயிண்ட் என்ற வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நகப்பாலிஷ் எடுக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, கடைக்கோடியில் ஒரு புள்ளியில் மட்டும் தொட்டுப் பார்த்தேன். பஞ்சில் எதுவும் ஒட்டவில்லை. லென்ஸில் பார்த்தால் கோடு கல்லின் மேலே உட்கார்ந்திருக்கவில்லை, கல்லாகவே இருந்தது.

இது சிந்துவெளிக் காலத்திலிருந்து வரும் ஒரு கைவேலை. சலவைச் சோடா போன்ற காரத்தைச் செடிச் சாற்றில் குழைத்து, மெருகிட்ட சூதுபவளத்தில் கோலம் வரைவதுபோல வரைந்து, காயவைத்துத் தணலில் சுடுவார்கள். காரம் தொட்ட இடம் மட்டும் வெளுத்துவிடும். கழுவினாலும் போகாது, தேய்த்தாலும் போகாது. 1930களில் மெக்கே என்ற அகழாய்வாளர், சிந்துவில் ஒரு முதியவர் இந்த முறையைச் செய்து காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். மெசப்பொட்டேமியாவில் (இன்றைய இராக்) 'ஊர்' (Ur) என்ற பெயருள்ள பழைய நகரத்தின் அரச கல்லறைகளில், கி.மு. 2500 வாக்கில் புதைத்த நகைகளில், இப்படிக் கோடு போட்ட பாசிகள் கிடைத்தன. கொடுமணலின் ஈமக் குழிகளிலும் கிடைத்திருக்கின்றன. கூலிக்குத் தகாது என்று அந்தக் கடைக்காரர் தள்ளிவிட்டது இதைத்தான். அவருக்குத் தெரியாதது குற்றமில்லை. தெரியாமலே அவ்வளவு உறுதியாகச் சொன்னாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நிறத்தைப் பற்றிச் சாச்சாவிடம் ஒரு நாள் கேட்டேன். "சூடு பண்ணினதா, இயற்கையா?" இணையத்தில் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், சூடு பண்ணியிருந்தால் போலி என்பதுபோல. அவர் சிரித்தார். நெருப்பில் போகாத அகீக்கை நான் பார்த்ததே குறைவு என்றார். அவர் சொன்னது சரி. குஜராத்தில் பரூச் பக்கம் ரத்தன்பூரில் பூமியிலிருந்து எடுக்கும்போது கல் பெரும்பாலும் மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். அதற்குள் இருப்பது நீர் சேர்ந்த இரும்புக் கலவை, நாம் துரு என்கிறோமே அந்த வகை. மெதுவாகச் சுட்டால் நீர் கழன்று, அது செம்மண்ணின் சிவப்பாக மாறும். செங்கல் சூளையில் மண் சிவக்கிற அதே கதை. அவசரப்பட்டால் கல் வெடித்துவிடும். அதனால் முதலில் வெயிலில் நெடுநாள் உலர்த்தி, மண்சட்டியில் வைத்து எருத் தீயில் சுட்டு, ஆறவிட்டு, மறுபடி சுடுவார்கள். ரத்தன்பூர்க் குன்றில் பாவா கோர் என்ற ஞானியின் தர்கா இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர், அகீக் தொழிலோடு அவர் பெயரைச் சேர்த்தே அங்கு சொல்வார்கள்.

கல் குஜராத்திலேயே உள்ள கம்பாத்துக்குப் போகும். அங்கே கல்லைச் செதுக்கும் விதத்தை வீடியோவில் பார்த்து அசந்துபோனேன். தரையில் கூரான இரும்புக் கம்பியை நட்டு, கல்லை அதன் முனையில் பிடித்து, மூங்கில் குச்சியில் செருகிய எருமைக் கொம்புச் சுத்தியலால் மேலிருந்து தட்டுகிறார்கள். சில்லு மேலிருந்து வருவதில்லை, கம்பி தொட்ட பக்கம் தெறிக்கிறது. துளை போடுவது அதைவிடப் பொறுமை. சிந்துவெளியில் அதற்கென்றே ஒரு கடினக் கல்லால் துரப்பணம் செய்தார்கள். அதை வைத்து மணிக்கு 2.5 மில்லிமீட்டர்தான் இறங்க முடியும் என்று செய்தே பார்த்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். என் பாசிகளில் ஒன்றின் துளையை வெளிச்சத்தில் நோக்கினால், பாதி வழியில் ஒரு சின்னப் படி தெரிகிறது. இரண்டு துளையும் மயிரிழை தவறிச் சந்தித்த இடம். அச்சில் வார்த்த கண்ணாடி மணியில் அந்தப் படி இருக்காது.

சூடு வேறு, சாயம் வேறு. இதையும் சொல்லிவிட வேண்டும். கால்சிடனியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு, அதனால் சாயம் குடிக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் இடார் ஓபர்ஸ்டைன் ஊரில் இதை ஒரு பெருந்தொழிலாகவே வளர்த்தார்கள். பிரேசிலிலிருந்து வந்த சாம்பல் நிற அகேட்டை இரும்பு உப்பில் ஊறவைத்துச் சுட்டால் சிவப்பு. சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் கந்தக அமிலத்தில் போட்டால் உள்ளே போன சர்க்கரை கரியாகிக் கறுப்பு ஓனிக்ஸ். கொலாபா நடைபாதையில் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பிலும் நீலத்திலும் அகேட் வில்லைகள் விற்கிறார்களே, அவை சாயம்தான். சாயம் ஏற்றிய சிவப்பு அகேட்டை டார்ச்சில் வைத்தால் பெரும்பாலும் பட்டை பட்டையாகத் தெரியும், அகேட்டின் வளையங்கள் சாயத்தைக் கூடவும் குறையவும் குடித்திருக்கும். நல்ல கார்னீலியனில் பட்டை இராது, மேகம்தான். என் அபிப்பிராயம் இது: கல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் இரும்பைத் தீயால் சிவக்க வைப்பது சமையல், இல்லாத இரும்பை ஊற வைத்து ஏற்றுவதைச் சொல்லி விற்றால் வியாபாரம், சொல்லாமல் விற்றால் மோசடி.

இந்தக் கல் கொடுமணலுக்கு எப்படி வந்தது என்பதுதான் இப்போது என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கொடுமணலில் பாசி செய்யும் பட்டறைகள் இருந்தன. சங்கப் பாட்டிலேயே கொடுமணம் என்ற பெயர் நல்ல அணிகலனோடு சேர்ந்து வருகிறது. பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைத்தது, ஸ்படிகம் சுற்றுவட்டாரத்திலேயே உண்டு. சூதுபவளம் மட்டும் நம் பக்கத்து மண்ணில் விளையாது. அது குஜராத், மகாராஷ்டிரம் பக்கத்துச் சரக்கு. சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் இந்தத் தக்காணத்தின் பெரும் பகுதியில் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்தது. உறைந்த கருங்கல்லுக்குள் வாயுக் குமிழிகள் பொந்தாக நின்றன. சிலிக்கா கரைந்த நீர் அந்தப் பொந்துகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்ததுதான் அகேட்டும் கால்சிடனியும். மகன் கர்ஜத்தில் பொறுக்கியதும் அப்படி ஒரு பொந்தை நிரப்பியதுதான். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று, பைத்தானிலிருந்து வண்டிகளில் ஓனிக்ஸ் கற்கள் பரூச் துறைமுகத்துக்குப் போனதைச் சொல்கிறது. பைத்தான் இன்றைக்கும் மகாராஷ்டிரத்தில் கோதாவரிக் கரையில் இருக்கிறது. இங்கே விளைந்து, நொய்யல் கரைக்குப் போய், மண்ணுக்குள் கிடந்து, அம்மாயி கைக்கு வந்து, என் கல்யாணத்தோடு தாதர் எக்ஸ்பிரஸில் திரும்ப இந்தப் பக்கமே வந்திருக்கிறது இந்தப் பாசி.

கர்ஜத் கல்லில் இரண்டை எடுத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மகன் குளியலறைக்குள் போய் விளக்கை அணைத்தான். ஒன்றோடொன்று அழுத்தி உரசினான். கல்லுக்குள்ளே ஆரஞ்சு நிறமாக ஒரு வெளிச்சம் மினுங்கி மறைந்தது, தீய்ந்த வாசனை வேறு. சிலிக்கா உரசினால் அப்படி ஒளிரும். "அம்மா, அம்மாயி இதைப் பார்த்திருப்பாங்களா?" என்று கேட்டான். தெரியவில்லை என்றேன்.

கோடு போட்ட பாசியைச் சாச்சாவிடம் கடைசியாகத்தான் காட்டினேன். வெகுநேரம் டார்ச்சில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக் கடைப் பையனையும் கூப்பிட்டுக் காட்டினார். விலை கேட்கவில்லை, விற்கிறாயா என்றும் கேட்கவில்லை. எனக்கு ஒரு டீ வரவழைத்தார்.

மற்ற பத்தையும் கோர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது மனசு வரவில்லை. இன்றைக்கு யாராவது கொடுமணலில் பாசி பொறுக்கினால் நானே தடுப்பேன், ஒரு பாசி எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் பாதிச் சேதி இருக்கிறது. அம்மாயி காலத்தில் அதைச் சொல்ல ஆளில்லை. தைப்பூசத் தேருக்கு ஊருக்குப் போகும்போது பன்னிரண்டையும் ஈரோடு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுவதாக இருக்கிறேன். அவர்கள் முதலில் எங்கே கிடைத்தது என்றுதானே கேட்பார்கள். நேற்று அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்து, "கெணத்துமேட்டுக் காடுங்கண்ணு. வேலிக்கு அந்தாண்ட பெரிய கல்லு நட்ட எடம், அதுக்குக் கெழக்கால" என்றார். ஒரு சீட்டில் அப்படியே எழுதி, சுருக்குப் பைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.